காலை ஒன்பது மணிக்கு எத்தனை வண்டி?

புதுக் கட்டடத்தால் சாலைக்கு என்ன பாதிப்பு என்று சொல்லும் இப்படிப்பட்ட அறிக்கை இந்த வருடத்தில் இது மூன்றாவது. அண்ணா சாலையை ஒட்டிய ஒரு மனை. கீழே கடைகள், மேலே வீடுகள் என்று முதலில் வரைபடம் போட்டார்கள், இப்போது கடைக்கு ஆள் கிடைக்காது என்று தோன்றியதும் கடைப் பகுதியை அலுவலகமாக மாற்றப் பார்க்கிறார்கள். சரிபார்க்க என்னிடம் வந்த அறிக்கை "ஒரு நாளின் மொத்த வண்டி எண்ணிக்கை மாறவில்லை, ஆகவே பாதிப்பு இல்லை" என்று முடிகிறது. கூட்டலில் தப்பே இல்லை. அதுதான் எரிச்சலாக வருகிறது.

எந்தக் கட்டடத்துக்கு எத்தனை வண்டி வரும் என்று கணக்கிட எல்லோரும் எடுத்து வைக்கும், அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர் அமைப்பான ஐ.டி.இ.யின் கையேட்டில் 10ஆம் பதிப்பையே பாருங்கள். 1,000 சதுர அடி கடைக்கு ஒரு நாளில் போவதும் வருவதுமாகச் சுமார் 38 வண்டி, அலுவலகத்துக்குச் சுமார் 10. ஆக 1 லட்சம் சதுர அடிக் கடையை விட்டுக்கொடுத்தால், "அதே போக்குவரத்து" என்ற பெயரில் 3.8 லட்சம் சதுர அடி அலுவலகம் கட்டிக்கொள்ளலாம்! ஆனால் அதே கையேட்டில் காலை நெரிசல் நேரத்தின் ஒரு மணிக் கணக்கைப் பாருங்கள்: அந்தக் கடைகளுக்கு 94 வண்டி, இந்த அலுவலகத்துக்கு 440. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. அதிலும் ஐந்தில் நான்குக்கு மேல் உள்ளே வருகிறவை, எல்லாம் ஒரே கேட்டில் திரும்பும்.

கடைக்கு வருகிறவர்கள் நாள் முழுக்கப் பிரிந்து வருவார்கள், தி.நகரில் காலை ஒன்பது மணிக்குப் பாதி ஷட்டர்கூட ஏறியிருக்காது. அந்த வழியாக எப்படியும் போகிற வண்டிதான் பல நேரம் கடைக்குள் திரும்புகிறது, அது சாலைக்குப் புதிய சுமை இல்லை. வீடுகளிலிருந்து காலையில் வண்டி வெளியே போகும், அலுவலகத்துக்கு உள்ளே வரும், இரண்டும் சேர்ந்திருந்தால் சாலையின் இரு பக்கமும் பகிர்ந்துகொள்ளும். இதையெல்லாம் ஒரே மொத்தத் தொகையில் அமுக்கிவிட்டால் எப்படி?

நம் ஊர்ச் சாலையில் பாதி பைக்கும் ஆட்டோவும்தான். அமெரிக்கக் கார் எண்ணிக்கையை அப்படியே ஒட்டாமல், இதே ஊரில் இயங்கும் ஓர் அலுவலக வாசலில் ஆள் நிறுத்தி எண்ணுங்கள். ஒரு பைக்கோ ஆட்டோவோ எத்தனை காருக்குச் சமம் என்று சொல்லும், இந்தியச் சாலை காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) பி.சி.யு. மதிப்பைப் போடுவது அதற்கு அப்புறம்.

அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களே, இப்படி ஒரு மாற்றம் உங்கள் தெருவுக்கு வந்தால் நாள் கணக்கை ஏற்காதீர்கள். காலை, மாலை நெரிசல் நேரத்துக்குத் தனித்தனியாக, உள்ளே எத்தனை வெளியே எத்தனை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பக்கத்தில் மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது என்று வண்டிகளைக் குறைத்துக் காட்டியிருந்தால், அங்கிருந்து கட்டடம்வரை நடைபாதை இருக்கிறதா என்று ஒருமுறை நீங்களே நடந்து பாருங்கள்.

என் துறைக்கு வரும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுகிறவர் கேட்காவிட்டாலும், நெரிசல் நேர அட்டவணையை அறிக்கையின் முதல் பக்கத்தில் வையுங்கள். பின்னிணைப்பில் போட்டால் யாரும் புரட்டுவதில்லை, இந்த மூன்றாவது அறிக்கையிலும் அது அங்கேதான் கிடந்தது.