ஆறாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளை

2024 ஜூனில் சென்னையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். முதல் வேலை. ஆறாம் வகுப்பில் 41 பிள்ளைகள். முதல் பாடம் அளவீடுகள். ஸ்கேல், டேப், அளவுக் கோடு போட்ட குவளை என்று எதைக் கொண்டுபோனாலும் வகுப்பே மேசையைச் சுற்றி நிற்கும். புத்தகத்தைத் திறக்கச் சொன்னால்தான் சிக்கல்.

ஆளுக்கொரு பத்தியாக வரிசையாக வாசிக்கச் சொல்வேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன், தன் முறைக்கு இரண்டு பேர் இருக்கும்போதே "மிஸ், தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்துவிடுவான். மறுநாள் பாத்ரூம். அதற்கடுத்த நாள் முன் பெஞ்சுப் பையனைப் பேனாவால் குத்தினான். திட்டி வெளியே நிற்க வைத்தேன். அடங்காத பிள்ளை என்று முடிவே கட்டிவிட்டேன். அம்மாவைக் கூட்டிவரச் சொன்னேன். அவர் வீட்டு வேலைக்குப் போகிறவர். அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து, "வீட்ல நல்லாதான் இருக்கான் மிஸ், புக்கத் தொறந்தா மட்டும் சண்ட" என்றார். அங்கேதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவனைத் தனியாக உட்கார வைத்து ஒரே வரியை வாசிக்கச் சொன்னேன். 'பொருளின் நீளம்' என்று தொடங்கும் வரி. "பெ... ர..." என்று நின்றுவிட்டான். விரல் வைத்திருந்த இடத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது. கொம்பையும் பகரத்தையும் சேர்த்து 'பெ' என்கிறான். அடுத்து நிற்கும் துணைக்காலைத் தனியே 'ர' என்கிறான். அச்சில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தானே இருக்கின்றன! கொம்பும் காலும் சேர்ந்து ஒரே ஒலி என்பது அவனுக்குப் பழகவே இல்லை.

இந்த வகுப்பின் ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். 2019 ஜூனில் ஒன்றாம் வகுப்பு. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளி மூடியாயிற்று. இரண்டாம் வகுப்பு முழுக்க வீட்டில். 2021 நவம்பர் 1 அன்று பள்ளி திறந்தபோது நேராக மூன்றாம் வகுப்பு. வாசிப்பையும் அடிப்படைக் கணக்கையும் பழக்கும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்குத் தொடங்கியபோது இவர்கள் நான்காம் வகுப்புக்குப் போயிருந்தார்கள். எழுத்துக்கூட்டிப் பழக வேண்டிய காலம் அப்படியே போய்விட்டது. இதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு பாடத்தைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, இடைவேளைகளில் ஒரு நாளைக்கு ஆறேழு பேர் என்று எல்லோரையும் தனித்தனியாக வாசிக்கக் கேட்டேன். 13 பேர் தடுமாறினார்கள். அவர்களில் நான்கு பேர் பாதிப் பாடத்தை மனப்பாடமாகவே ஒப்பித்தார்கள். வாசிக்கப் பழக்குவது தமிழாசிரியர் வேலை என்று நினைத்திருந்தேன். கேள்வியே வாசிக்க வராத பிள்ளைக்கு அறிவியல் எப்படி வரும்? இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை அப்படியே கொடுத்தால் கையால் தொட மாட்டார்கள், மானம் போகும். பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள்.

இன்னொன்று, பசி. 2024இல் அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான் இருந்தது. முந்தின வருடம் வரை இதே வளாகத்தில் காலையில் சாப்பிட்ட பிள்ளைகள், ஆறாம் வகுப்பு வந்ததும் வெறும் வயிற்றோடு உட்கார்ந்தார்கள். "சாப்பிட்டியா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "என்ன சாப்பிட்ட?" என்று கேளுங்கள்.

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் ஆசிரியர்களே, சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒவ்வொருவரையும் தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். எல்லோர் முன்னாலும் வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. திக்கும் பிள்ளையை எழுப்பி நிறுத்தி வகுப்பைச் சிரிக்க விடுவதும் அதில் சேரும் என்றே நான் நினைக்கிறேன். பெற்றோர் வீட்டில் சோதிப்பதாக இருந்தால் பாடப்புத்தகம் வேண்டாம், ரேஷன் கடைப் பலகையையோ பஸ் போர்டையோ காட்டுங்கள். சில மாதம் பழக்கியும் எழுத்துகள் குழம்பினால் கண்ணைப் பரிசோதியுங்கள். அப்புறம், அந்த வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரைக் கேளுங்கள். கற்றல் குறைபாடாகவும் இருக்கலாம்.

காலாண்டுத் தேர்வு நெருங்கியபோதும் அந்தப் பையன் எழுத்துக்கூட்டித்தான் வாசித்தான். ஒரு பத்திக்கு ஐந்து நிமிடம் ஆகும். தண்ணீர் குடிக்க எழுந்து போவது மட்டும் நின்றிருந்தது.