12 வயதில் மைகார்டு: கைரேகைக்கு முன் பிறப்புப் பத்திரத்தைப் பாருங்கள்

மலேசியாவில் 12 வயது நிறைந்த பிள்ளைக்கு 30 நாளுக்குள் மைகார்டுக்கு, அதாவது ஐசி எனும் அடையாள அட்டைக்கு, விண்ணப்பிக்க வேண்டும். அசல் பிறப்புப் பத்திரத்தையும் அம்மா அல்லது அப்பாவின் ஐசியையும் எடுத்துக்கொண்டு, பிள்ளையோடு தேசியப் பதிவிலாகாவுக்குப் போங்கள். படமும் கைரேகையும் அங்கேயே எடுப்பார்கள்.

1948இல் அவசரகாலத்தில் தொடங்கியது ஐசி. 2001இல்தான் அதில் சிப் வந்தது. இரண்டு கட்டைவிரல் ரேகைகளும் அந்தச் சிப்பில் இருக்கின்றன. வங்கியில் அட்டையைக் கருவியில் செருகி விரலை வைக்கச் சொல்வது, இரண்டும் ஒரே ஆளுடையதா என்று ஒப்பிடத்தான். பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டித் தேய்ந்த விரல்களைக் கருவி சில நேரம் படிக்காது. பெரியவர்களோடு போகிறவர்கள் அதை கவுண்டரில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

12 இலக்க எண்ணில் முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த இடம்: பேராக் என்றால் 08, சிலாங்கூர் என்றால் 10. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. 18 வயதானதும் புதுப் படத்தோடு அட்டையை மாற்ற வேண்டும். 25க்கு மேல் தள்ளிப்போடக் கூடாது. தொலைத்தால் அபராதம் உண்டு, மறுபடி தொலைத்தால் கூடும்.

குடிமக்களுக்கு நீல அட்டை, நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு, தற்காலிகவாசிகளுக்குப் பச்சை. நம் குடும்பங்கள் பல தடுமாறுவது இங்கேதான். அப்பா மலேசியர், அம்மா வெளிநாட்டவர், கோயிலில் தாலி கட்டியாயிற்று, ஆனால் திருமணத்தைப் பதியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1982 மார்ச்சில் நடப்புக்கு வந்த திருமணச் சட்டப்படி பதிவு கட்டாயம். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளை குடியுரிமை விஷயத்தில் அம்மாவின் வழியில்தான் சேரும். அப்பா நீல ஐசி வைத்திருந்தும் பயனில்லை. பிள்ளை பிறந்த பிறகு பதிந்தாலும் குடியுரிமை தானாக வந்துவிடாது.

இந்தப் பிள்ளைகள் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஆனாலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் அலைக்கழிவது அவர்கள்தான். அதனால் 12 வயது வரை காத்திருக்காதீர்கள். பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை நிலை என்னவென்று இன்றே பாருங்கள். ‘புக்கான் வார்காநெகாரா’ என்றிருந்தால் குடிமகன் அல்ல என்று பொருள். அப்போது பிள்ளை சின்ன வயதாக இருக்கும்போதே, அரசியல் சட்டத்தின் 15ஏ பிரிவின் கீழ் குடியுரிமைக்கு விண்ணப்பியுங்கள். முடிவு உள்துறை அமைச்சின் கையில். நிராகரித்தாலும் மறுபடி விண்ணப்பிக்கலாம்.