வலிப்புக்கும் வலிப்புக்கும் இடையில் மூளைக்கு என்ன நேர்கிறது?

வலிப்பு என்றதும் நம் ஊர்களில் பெரும்பாலோர் மனக்கண்ணில் தோன்றுவது, ஒருவர் திடீரெனச் சாய்ந்து, கைகால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளிக் கிடக்கும் காட்சிதான். அந்த இரண்டு மூன்று நிமிடங்களைப் பற்றித்தான் வீட்டில் பேச்சு நடக்கிறது. அதற்காகத்தான் மருத்துவமனைக்கு ஓடுகிறோம். ஆனால் மாதத்துக்கு ஒருமுறை ‘ஃபிட்ஸ்’ வரும் பிள்ளைக்கு மாதத்தின் மற்ற பொழுதெல்லாம் பள்ளியிலும் வீட்டிலும்தான் கழிகிறது. அந்தப் பொழுதில் படித்தது மனத்தில் தங்காமல் போவதும், தெரிந்த சொல் நாவுக்கு வராமல் நிற்பதும், ஒரு கணக்கை முடிக்க மற்றவர்களைவிட அதிக நேரம் பிடிப்பதும் பல சமயங்களில் அதே நோயின் வேலை. அது தெரியாமல் ‘மந்தம்’ என்று பட்டம் சூட்டப்படும் பிள்ளைகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஓய்வில் இருக்கும் நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் தாழ்ந்த மின்னழுத்தத்தில் இருக்கிறது. பக்கத்து அணு குளூட்டமேட் என்னும் வேதிப்பொருளைச் சுரந்தால் இந்த அணு தூண்டப்பட்டுத் துடிக்கிறது. காபா என்னும் பொருளைச் சுரந்தால் அடங்குகிறது. தூண்டுவதும் அடக்குவதும் ஒன்றையொன்று ஈடுகட்டும் வரையில் ஒவ்வொரு நரம்பணுக் கூட்டமும் தன் வேலையைத் தன் நேரத்தில் செய்கிறது. போச்சம்பள்ளி வாரச்சந்தையில் ஆயிரக்கணக்கானோர் ஆளுக்கொரு பேச்சுப் பேசிக்கொண்டிருப்பதால்தான் அங்கே வியாபாரம் நடக்கிறது. அத்தனை பேரும் ஒரே நொடியில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்தினால் சத்தம் பெருகுமே ஒழிய, ஒரு மாடுகூட விலைபோகாது. வலிப்பின்போது மூளையில் நேர்வது அதுதான். அடக்கும் சக்தி தளர்ந்து, பெருந்திரளான நரம்பணுக்கள் ஒரே தாளத்தில் துடிக்கின்றன. மின்சாரம் மிகுகிறது, செய்தி அற்றுப்போகிறது. சாம்பல் நிற மூளைப்பகுதியில் திடீரென எழும் மிகையான மின்பாய்ச்சலே வலிப்பு என்று ஆங்கிலேய மருத்துவர் ஹூலிங்ஸ் ஜாக்சன் 1873-இலேயே கூறிவிட்டார். 1924-இல் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். அந்த அலைகளைக் கண்ணால் காணும் வாய்ப்பு அதன் பிறகுதான் கிடைத்தது.

இந்தக் கொந்தளிப்பு மூளையின் எந்த இடத்தில் கிளம்புகிறதோ அந்த இடத்தின் வேலையே முதலில் கெடும். குழந்தைகளுக்கு வரும் ‘அப்சென்ஸ்’ வகை வலிப்பில் தலாமஸ் என்னும் உட்பகுதிக்கும் மூளையின் மேலுறைக்கும் இடையே நொடிக்கு மூன்று அலைகள் வீதம் ஓடத் தொடங்குகின்றன. பிள்ளை கீழே விழுவதில்லை, கைகால் இழுப்பதில்லை. ஐந்து முதல் பதினைந்து நொடி வெறித்துப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துவிடும். ஒரு நாளில் இது பலமுறை நேரக்கூடும். சொல்வதை எழுதும் நோட்டில் இதன் தடயத்தைப் பார்க்கலாம். ஆசிரியர் ‘ஒகேனக்கல் அருவியில் நீர் பெருக்கெடுத்து ஓடியது’ என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லியிருப்பார். நோட்டில் ‘ஒகேனக்கல் அருவியில்’ என்பதை அடுத்து, பென்சில் வழுக்கியதுபோல் ஒரு சிறு கோடு, அதன்பின் ‘ஓடியது’ என்று மட்டும் இருக்கும். நடுவில் இருந்த சொற்கள் அந்தப் பிள்ளையின் மூளைக்குள் நுழையவே இல்லை. இதைக் கவனக்குறைவு என்று தண்டிப்பது கொடுமை. மருத்துவர் அந்தப் பிள்ளையிடம் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து, சில நிமிடம் விடாமல் ஊதச் சொன்னால், ஆழ்ந்து மூச்சுவிடுவதன் விளைவாக அதே வெறித்த பார்வை அவர் கண்முன்னே வந்துவிடுவது வழக்கம். ஏற்ற மருந்து கொடுத்தால் பெரும்பாலானோருக்கு நன்றாகக் கட்டுப்படுகிறது.

நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் பகுதியில் தொடங்கும் வலிப்பு வேறு வகையானது. வயிற்றிலிருந்து ஏதோ மேலெழுவது போன்ற உணர்வு, இல்லாத ஒரு நாற்றம், இதெல்லாம் முன்பே நடந்தது போன்ற மயக்கம் ஆகியவற்றோடு அது தொடங்கலாம். பிறகு வாயை மென்றபடி, சட்டைப் பொத்தானை நெருடியபடி ஒன்றிரண்டு நிமிடம் இருந்துவிட்டு, நடந்தது எதுவும் நினைவில்லாமல் விழிப்பார்கள். காற்றுக் கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப் போகும் வீடுகளில் இந்த நோய் ஆண்டுக்கணக்கில் கண்டறியப்படாமலே கிடக்கும். இதே இடத்தில்தான் ஹிப்போகேம்பஸ் என்னும் உறுப்பு இருக்கிறது. அன்றாடம் நாம் காண்பதையும் கேட்பதையும் நிலையான நினைவாக மாற்றுவதற்கு இது இல்லாமல் முடியாது. 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்பவருக்குக் கடும் வலிப்பைக் குறைப்பதற்காக இருபுற ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியையும் அகற்றினார்கள். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் 2008-இல் இறக்கும்வரை, புதிதாகச் சந்தித்த எவரையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. நினைவு எங்கே உருவாகிறது என்பதை அறிவியல் கற்றுக்கொண்டது ஒரு வலிப்பு நோயாளியின் இழப்பிலிருந்துதான்.

வலிப்பு வெளியே தெரியாத நேரத்திலும் நோயாளியின் இ.இ.ஜி. (மூளை மின்னலை) பதிவில் அங்கங்கே கூர்முனைகள் எழும்பும். ஒவ்வொன்றும் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூட நீடிப்பதில்லை. ஆயினும் ஒரு சொல்லை நினைவில் இருத்த முயலும் அதே கணத்தில் கூர்முனை எழுந்தால் தவறுகள் கூடுகின்றன என்று சோதனைகள் காட்டியுள்ளன. பொதுவாக இடப்புறம் எழுந்தால் சொற்கள் தவறுகின்றன, வலப்புறம் எழுந்தால் உருவங்கள் தவறுகின்றன. உறக்கத்தில் இவை பெருகும் என்பது இன்னும் கவலைக்குரியது. பகலில் படித்ததை மூளை மீண்டும் ஓட்டிப் பார்த்துப் பதிய வைப்பது ஆழ்ந்த உறக்கத்தில்தான். அந்த வேலை இரவெல்லாம் இடைமறிக்கப்பட்டால், மாலையில் ஒப்பித்த பாடம் காலையில் காணாமல் போவதில் வியப்பில்லை. 1957-இல் விவரிக்கப்பட்ட லாண்டாவ்-கிளெஃப்னர் நோய்க்குறியில், நன்றாகப் பேசிக்கொண்டிருந்த குழந்தைகள், காது நன்றாகக் கேட்டும், பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனையே இழக்கிறார்கள். அவர்களில் சிலருக்குக் கண்ணுக்குத் தெரியும் வலிப்பு வருவதே இல்லை.

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரமான நம் பகுதிக்கு நெருக்கமான இரண்டு காரணங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, பன்றி நாடாப்புழுவின் முட்டைகள். குடலில் புழுவுள்ள ஒருவரின் மலத்திலிருந்து மண்ணுக்கும், அங்கிருந்து கீரைக்கும் தண்ணீருக்கும் வந்து, இறைச்சியே தொடாதவர் மூளையிலும் கட்டியாகத் தங்கும். கிருஷ்ணகிரிக்கு அடுத்துள்ள பழைய வேலூர் மாவட்டத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி செய்த ஆய்வில், வலிப்பு உள்ளவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணம் எனத் தெரியவந்தது. மற்றொன்று வெந்நீர் வலிப்பு. பெங்களூரு, மைசூரு வட்டாரத்தில் மிகுதியாகக் காணப்படும் இந்த வகை, ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வீடுகளும் அறிந்திருக்க வேண்டியது. நல்ல சூட்டில் உள்ள நீரைச் சொம்பு சொம்பாகத் தலையில் வேகமாக ஊற்றும்போது பிள்ளை திகைத்து நின்று, பொருளில்லாமல் எதையோ முணுமுணுக்கும். வெதுவெதுப்பான நீரை உடலுக்கு மட்டும் ஊற்றி, தலைக்குத் தனியாகக் குளிப்பாட்டினாலே பலருக்கு இது குறைகிறது. சிலருக்குக் குளிப்பதற்கு முன் குளோபாசாம் மாத்திரை தேவைப்படும்.

மருந்தும் அறிவுத்திறனைத் தொடும் என்பதை மறைக்கக் கூடாது. 1912 முதல் பயன்படும் ஃபீனோபார்பிட்டோன் மலிவானது, பலன் தருவது. ஆனால் அது காபாவின் அடக்கும் வேலையை மூளை முழுவதும் வலுப்படுத்துவதால் பிள்ளைகள் மந்தமாகவோ, மாறாகத் துறுதுறுப்பாகவோ ஆகலாம். டோபிரமேட் சிலருக்குச் சொற்களைத் தேட வைக்கும். கருவுற்ற காலத்தில் வால்ப்ரோயேட் உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு ஆறு வயதில் நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.), மற்ற மருந்துகளை உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளைவிட 8 முதல் 11 புள்ளிகள் குறைந்திருந்ததை ஒரு பெரிய ஆய்வு காட்டியது. எனவே திருமணப் பேச்சு தொடங்கும்போதே இளம்பெண்கள் மருத்துவரிடம் மருந்தைப் பற்றிப் பேசிவிடுவது நல்லது. இதையெல்லாம் படித்துவிட்டு எவரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்பு வரலாம். அது அரைமணி நேரம் நீடித்தால் நரம்பணுக்களே மடியத் தொடங்கும், அவற்றில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் ஹிப்போகேம்பஸ்தான்.

பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடத்தில் தாமாகவே நிற்கின்றன. நரம்பணுக்கள் வெறிபிடித்துத் துடிக்கும்போது ஆற்றல் செலவாகி அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்கிறது, அமிலத்தன்மை கூடுகிறது. இரண்டும் சேர்ந்து துடிப்பை அமர்த்துகின்றன. கையில் திணிக்கும் இரும்புச் சாவிக்குக் கிடைக்கும் பெயர் உண்மையில் இந்த அடினோசினுக்குச் சேர வேண்டியது. சாவியைத் தேடும் நேரத்தில் ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்க்கலாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும்.

பிள்ளையின் படிப்பு சரிந்துவருவதாகத் தோன்றினால், வலிப்பு கட்டுப்பட்டிருக்கிறதே என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும், பெங்களூரு ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் என்னும் மனநல, நரம்பியல் மருத்துவமனைக்குப் போனாலும், சொற்கள் விடுபட்ட அந்த நோட்டையும், வெறித்த பார்வையைக் கைப்பேசியில் பிடித்த படத்தையும் கொண்டுபோவது பெரிய உதவி. அரைமணி நேர இ.இ.ஜி.யில் எதுவும் அகப்படாமல் போவதுண்டு என்பதால், உறக்கத்தையும் சேர்த்துப் பதிவுசெய்ய முடியுமா என்று கேட்கலாம். அப்படிச் செய்வதாக இருந்தால், முந்தைய இரவு பிள்ளையை எவ்வளவு நேரம் விழித்திருக்க வைக்க வேண்டும் என்பதை அவர்களே சொல்லி அனுப்புவார்கள்.