நீதிபதி வாய் திறப்பதற்கு முன்பே

அமெரிக்காவில், வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக அரசு செலவில் வாதாடுவது என் வேலை. ஊருக்கு ஃபோன் பேசும்போது அண்ணன் ஒருமுறை கேட்டார், "ஏன்டா, அங்க ஜட்ஜுங்க வெள்ளைக்காரங்க, அதனாலதானே கறுப்பங்களுக்கு தண்டனை அதிகம்?" அப்படி ஒரு கெட்ட நீதிபதியைக் கைகாட்ட முடிந்தால் எனக்கும் வேலை சுலபம். ஆனால் நான் பார்த்தவரை, நீதிபதி வாய் திறப்பதற்கு முன்பே பாதி விஷயம் முடிந்திருக்கும்.

ஜாமீனை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 டாலர் ஜாமீன் என்றால், பல மாநிலங்களில் மொத்தத் தொகைக்கும் பொறுப்பேற்கும் ஜாமீன் ஏஜென்ட்டிடம் 1,000 டாலர் கட்டி வெளியே வந்துவிடலாம், அந்தப் பணம் திரும்ப வராது. அந்த ஆயிரமும் இல்லாதவர் உள்ளேயே கிடப்பார்; வேலை போகும், வாடகை நிற்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. தலைமுறை தலைமுறையாகச் சொத்துச் சேர்க்க வழியில்லாமல் போன கறுப்பினக் குடும்பங்களில்தான் இந்த நிலைமை அதிகம். மூன்றாவது வாரம் அரசு வழக்கறிஞரிடமிருந்து பேரம் வரும்: குற்றத்தை ஒப்புக்கொண்டால் இதுவரை உள்ளே இருந்த நாட்களே தண்டனை, இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். சாட்சி பலவீனம், விசாரணைக்குப் போனால் ஜெயிக்கலாம் என்று நான் மன்றாடியும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன கட்சிக்காரர்கள் உண்டு. வீட்டில் குழந்தை காத்திருக்கும்போது வேறென்ன செய்வார்கள்? ஆனால் அந்தக் கையெழுத்து முன்குற்றமாகப் பதிவாகிவிடுகிறது, ரோந்து வண்டி சுற்றிக்கொண்டே இருக்கும் தெருவில் வாழ்கிறவர் அடுத்த முறை மாட்டினால் அதைக் காட்டியே தண்டனை கூடும்.

மத்திய அரசின் தண்டனை ஆணையம் 2017இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். அதே மாதிரி வழக்கில் வெள்ளை ஆண்களைவிடக் கறுப்பின ஆண்களுக்குச் சராசரியாக 19.1 சதவீதம் நீண்ட தண்டனை. முன்குற்றத்தையும் கணக்கில் எடுத்துச் சமன்செய்த பிறகு வந்த எண் இது. அப்படியென்றால், அந்த முன்குற்றம் உருவான விதத்தில் இருக்கிற அநியாயம் இந்த 19இல் சேரவே இல்லை.

சட்டமே செய்த அநியாயமும் உண்டு. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் கிராக் எனப்படும், புகைக்கிற வடிவிலான கொக்கைனை 5 கிராம் வைத்திருந்து விற்றால் குறைந்தது 5 ஆண்டு. அதே தண்டனைக்குப் பவுடர் கொக்கைன் 500 கிராம் வேண்டும். இரண்டும் ஒரே போதைப்பொருள்தான், கிராக் வழக்கில் உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 2010இல் அந்த 100 மடங்கை 18 மடங்காகக் குறைத்தார்கள். சமமாக்கவில்லை.

சரி, இந்தப் புள்ளிவிவரத்தைக் கோர்ட்டில் காட்டலாமே? ஜார்ஜியாவில் மரண தண்டனை பெற்ற வாரன் மெக்லெஸ்கி காட்டினார். கறுப்பினத்தவரைக் கொன்றவரைவிட வெள்ளையரைக் கொன்றவருக்கு அங்கே மரண தண்டனை கிடைக்கும் சாத்தியம் 4 மடங்குக்கும் மேல் என்பது அவர் தரப்பு ஆய்வு. உன் வழக்கில் யார் வேண்டுமென்றே பாகுபாடு காட்டினார் என்று நிரூபி என்று சொல்லி, 1987இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. 1991இல் அவரைக் கொன்றார்கள். கலிபோர்னியா 2020இல் தனிச் சட்டம் போட்டு, உள்நோக்கத்தை நிரூபிக்கத் தேவையில்லை என்றது. மத்திய நீதிமன்றங்களில் இன்றும் அந்த 1987 தீர்ப்பைத்தான் எடுத்துப் படிக்கிறார்கள்.