மீன் நீந்துகிறது என்பதற்காகத் தொட்டிக்குள் கை விடாதீர்கள்

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து ‘மீன் தொட்டியில் ஷாக் அடிக்கிறது’ என்ற ஒரே மாதிரியான புகாருக்காகக் கூப்பிடும் வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன. கூடத்தில் ஒரு மீன் தொட்டி, அதன் மூடி மேல் ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா, டப்பாவுக்குள் ஆர்டுயினோ, ஈ.எஸ்.பி. போன்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்று, பக்கத்தில் அது சொன்னபடி கரண்டைப் போட்டு அணைக்கும் நீல நிற ரிலே நான்கு. திருநெல்வேலியில் கே.டி.சி. நகர், மகாராஜ நகர், தியாகராஜ நகர் என்று எங்கே போனாலும் இதே அமைப்புதான். செய்தவர்கள் எல்லாம் கெட்டிக்காரப் பிள்ளைகள். விளக்கு தானாக எரிகிறது, ஹீட்டர் தானாக அணைகிறது, எல்லாம் போனில் தெரிகிறது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ரிலேயின் மறுபக்கம் 230 வோல்ட் இருக்கிறது என்பதை மட்டும் யாரும் மனதில் வாங்குவதில்லை. வயரிங் வேலையில் இருப்பவன் என்ற முறையில் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கடைசியாகப் போனது பெருமாள்புரத்தில் ஒரு வீடு. தொட்டியில் அழுகிக் கிடந்த ஓர் இலையை எடுக்க அம்மா கை விட்டிருக்கிறார். அப்போதுதான் துடைத்த தரை, காலில் செருப்பு இல்லை. ஷாக் அடித்துத் தூக்கி எறிந்ததில் கட்டில் விளிம்பில் விழுந்து மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. எறிந்ததே நல்ல காலம். விரல்கள் ஹீட்டரைப் பற்றி மடங்கியிருந்தால் விடுவிக்க முடிந்திருக்காது.

கன்ட்ரோலரைச் செய்த பையன் இன்ஜினியரிங் மாணவன். முகம் வெளிறிப்போய் நின்றான். "அண்ணாச்சி, ஹீட்டர் ஆஃப்ல தாம்லா இருந்துச்சு. போன்லயும் ஆஃப்னுதான் காட்டுச்சு. மீனும் நல்லா நீந்திக்கிட்டுதான இருந்துது? தண்ணியில கரண்ட் இருந்தா மீன் செத்திருக்காதா?"

இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். படித்தவர்களும் கேட்கிறார்கள். மீன் உயிரோடு இருந்தால் தண்ணீரில் கரண்ட் இல்லை என்று ஒரு நம்பிக்கை ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. இந்த நம்பிக்கையைப் போல ஆபத்தானது வேறில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கரண்ட் ஓட வேண்டுமென்றால் போக ஓர் இடம் வேண்டும். மீன் தொட்டி கண்ணாடி. அதன் அடியில் தெர்மோகோல், அதற்கும் அடியில் மர ஸ்டாண்ட். மூன்றும் கரண்டைக் கடத்தாதவை. ஹீட்டரில் விரிசல் விழுந்து பேஸ் (கரண்ட் வரும் பக்கம்) தண்ணீருக்குள் வந்துவிட்டால் தொட்டித் தண்ணீர் முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். ஆனால் அது எங்கேயும் ஓடாது, ஓட வழியில்லை. மீனின் தலைப்பக்கமும் 230, வால்பக்கமும் 230. உடம்பின் இரு முனைகளுக்கும் வித்தியாசமே இல்லாததால் அதன் வழியே எதுவும் பாய்வதில்லை. மின்கம்பியில் உட்காரும் காக்காவுக்கு ஒன்றும் ஆகாதது போலத்தான் இதுவும். ஆனால் நீங்கள் தரையில் நிற்கிறீர்கள். கை தண்ணீரைத் தொட்டதும் கரண்டுக்கு வழி கிடைத்துவிடுகிறது: கை, நெஞ்சு, கால், ஈரத்தரை. தண்ணீருக்குள்ளேயே ஒரு பக்கமிருந்து மறுபக்கம் கரண்ட் பாய்ந்தால்தான் மீனுக்கு உறைக்கும். அதுவரைக்கும் மீன் தன்பாட்டில் இரை தின்னும்.

"நேத்து நானும் கை விட்டேனே, ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். நேற்று காலில் ரப்பர் செருப்பு இருந்திருக்கும், தரை காய்ந்திருக்கும். "நாங்க தாமிரபரணித் தண்ணிதான் ஊத்துதோம், அது நல்ல தண்ணி, கரண்ட் பாயாது" என்று ஒரு பெரியவர் என்னிடம் வாதாடினார். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துப் போர் தண்ணீரோடு ஒப்பிட்டால் ஆற்றுத் தண்ணீரில் உப்பு குறைவுதான். ஆனால் ஆளைக் கொல்லத் தேவையான கரண்ட் மிகக் கொஞ்சம். ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் சில பத்துப் பங்கு போதும், எந்த ஊர் ஆற்றுத் தண்ணீரும் அதைக் கடத்தும். போதாததற்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் கல்லுப்பை வேறு அள்ளிப் போடுகிறோம்.

சரி, ஆஃப் என்று காட்டிய ஹீட்டர் எப்படி அடித்தது? பையன் எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் வயரில் ஒன்றை வெட்டி ரிலே வழியாக விட்டிருந்தான். அது பேஸ் என்று நினைத்திருந்தான். அந்த வீட்டு சாக்கெட்டில் பேஸும் நியூட்ரலும் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) இடம் மாறி இருந்தன. மூன்று முள் சாக்கெட்டை நேராகப் பார்த்தால் பேஸ் வலது பக்கம் இருக்க வேண்டும். அங்கே இடது பக்கம் இருந்தது. ஆக ரிலே துண்டித்தது நியூட்ரலை. ஹீட்டர் சூடாகாது, டப்பாவில் எல்.இ.டி. அணையும், போனில் ஆஃப் என்று வரும், ஆனால் ஹீட்டருக்குள் பேஸ் இரவும் பகலும் நிற்கும். கண்ணாடிக் குழாயின் அடியில் தலைமுடி கனத்தில் ஒரு விரிசல். ஹீட்டரை வெளியே எடுத்துத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பியபோதுதான் கண்ணுக்கே தெரிந்தது. தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரை ஆஃப் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். காற்றில் நின்று காய்ந்த கண்ணாடி மேல் புதுத் தண்ணீர் பட்டால் விரியத்தான் செய்யும். ஆஃப் செய்து கால் மணி நேரமாவது ஆறவிட்டு அப்புறம் தண்ணீரை இறக்க வேண்டும்.

தொழில்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மாதிரித் தொட்டியில் டிஜிட்டல் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். நல்ல பம்ப் ஓடும் தொட்டியிலும் அது நாற்பது, ஐம்பது வோல்ட் காட்டி உங்களை அலைய வைக்கும். டெஸ்ட் லாம்ப் போட்டுப் பாருங்கள். பெருமாள்புரத்தில் அது நன்றாகவே எரிந்தது. வீட்டுக்காரர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

"எம்.சி.பி. இருக்கே, ஏன் விழல?" எம்.சி.பி. என்பது மெயின் போர்டில் தானாக விழும் ஸ்விட்ச், வயரைக் காப்பாற்ற வைத்தது. 6 ஆம்பியர் எம்.சி.பி. அந்த 6 ஆம்பியரைத் தாண்டினால்தான் அசையும். ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. என்ற கரண்ட் கசிவைக் கண்டுபிடிக்கும் ஸ்விட்ச். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே 0.3 நொடிக்குள் துண்டித்துவிடும். அந்த வீட்டில் அதுவும் இருந்தது. ஆனால் நேரடியாக வயர் கொடுத்து அதை ஒதுக்கி வைத்திருந்தார்கள். இது அங்கே மட்டும் நடப்பதல்ல. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன், சிந்துபூந்துறைப் பக்கம் தண்ணீர் புகுந்த வீடுகளில் நனைந்ததைக் கழற்றியவர்கள் புதிதாக மாட்டவே இல்லை. இன்வர்ட்டர் வைத்த வீடுகளில் இன்னொரு கதை. இன்வர்ட்டர் லைன் நியூட்ரலையும் மற்ற நியூட்ரல்களையும் ஒன்றாகக் கட்டிவிட்டால் ஆர்.சி.சி.பி. சும்மா சும்மா விழும். நியூட்ரலைப் பிரிக்கும் வேலைக்குச் சோம்பல்பட்டு ஆர்.சி.சி.பி.யையே தூக்கிவிடுகிறார்கள். நம் தொழிலில் இருப்பவர்கள் இதைச் செய்வதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

மீன் தொட்டியைப் பெரும்பாலும் இன்வர்ட்டர் பாயிண்டில்தான் மாட்டுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் போனால் காற்று நின்றுவிடுமே என்ற கவலை. நியாயம்தான். ஆனால் இன்வர்ட்டரில் ஓடும் நேரத்தில் மெயின் போர்டில் இருக்கும் ஆர்.சி.சி.பி.க்கு அந்த லைன் மேல் எந்தப் பிடியும் இல்லை. தொட்டி பாயிண்டுக்கென்று இன்வர்ட்டருக்கு அப்புறம் தனியாக ஒன்று போடுங்கள். மீனுக்குச் செலவழிப்பதில் அது பெரிய தொகையே இல்லை.

இனி கன்ட்ரோலர் செய்கிற பிள்ளைகளுக்கு. உங்கள் புரோகிராம் கோடில் ஒரு வரி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: வெப்பம் 26-க்குக் கீழே போனால் ஹீட்டரைப் போடு. நீங்கள் எல்லோரும் வாங்குவது டி.எஸ்.18பி20 சென்சார். அதன் வயர் ஒன்று கழன்றாலும், துருப்பிடிக்காத குழாய்க்குள் தண்ணீர் இறங்கி அது செத்தாலும், வழக்கமான லைப்ரரி உங்களுக்குக் கொடுக்கும் எண் −127. அது 26-ஐ விடக் குறைவுதானே? ஹீட்டர் ஆன் ஆகும், ஆஃப் ஆகவே ஆகாது. 100 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 300 வாட் ஹீட்டருக்கு 23 நிமிடம் போதும். வெளியே போகும் சூட்டைக் கழித்தாலும் ராத்திரி கழன்ற சென்சார் விடிவதற்குள் தண்ணீரை 35 டிகிரிக்கு மேல் கொண்டுபோய்விடும். மகாராஜ நகரில் ஒரு வீட்டில் நான்கு வருடம் வளர்த்த ஃபிளவர்ஹார்ன் இப்படித்தான் வெந்து மிதந்தது. அந்தப் பிள்ளை அழுததைப் பார்க்கச் சகிக்கவில்லை. 15-க்குக் கீழே, 40-க்கு மேலே எந்த எண் வந்தாலும் சென்சார் கெட்டது என்று எடுத்துக்கொண்டு ஹீட்டரை அணைக்கச் சொல்லுங்கள். இதே சென்சார் பவர் வந்ததும் முதலில் 85 என்று சொல்லும், அதையும் தள்ளிவிடுங்கள். புரோகிராம் தொங்கிப்போனால் போர்டைத் தானாகத் திரும்ப ஓடவைக்கும் வாட்ச்டாக் டைமரைப் போட்டு வையுங்கள். ஹீட்டரின் சொந்தத் தெர்மோஸ்டாட்டை முழுக்கத் திருகி வைக்காமல் உங்கள் அளவை விட இரண்டு டிகிரி மட்டும் கூட வையுங்கள். ரிலே காண்டாக்ட் ஒட்டிக்கொண்டாலும் அது பார்த்துக்கொள்ளும். ஒட்டிக்கொள்வது சாதாரணமாக நடப்பதுதான். ரிலே மேல் 10 ஆம்பியர் என்று எழுதியிருப்பதை பம்புக்கும் எல்.இ.டி. டிரைவருக்கும் அப்படியே நம்பக்கூடாது.

உண்மையில் திருநெல்வேலியில் ஹீட்டர் எதற்கு என்று எனக்கு விளங்கவே இல்லை. டிஸ்கஸ் வளர்க்கிறீர்கள், நோய்க்கு மருந்து போட்டிருக்கிறீர்கள் என்றால் சரி. கப்பிக்கும் மோலிக்கும் மார்கழியில்கூட நம் வீட்டுக்குள் அது தேவைப்படுவதில்லை. தங்க மீனுக்கு வேண்டவே வேண்டாம். நமக்குத் தொல்லை சூடுதான். அக்னி நட்சத்திரத்தில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தொடுகிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8.2 மில்லிகிராம் வரை ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். 30-இல் அது 7.5 ஆகிவிடும், மீனுக்கோ சூட்டில் மூச்சு கூடுதலாகத் தேவைப்படும். கன்ட்ரோலர் செய்ய ஆசை இருந்தால் குளிரவைக்க ஒன்று செய்யுங்களேன். கம்ப்யூட்டரில் இருக்கும் 12 வோல்ட் விசிறி ஒன்றைத் தண்ணீரின் மேற்பரப்பில் படும்படி ஓடவிட்டால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகும் தண்ணீரை மட்டும் ஈடுகட்ட வேண்டும். விளக்குக்கு 12 வோல்ட் எல்.இ.டி., பம்புக்கு 12 வோல்ட் டி.சி. பம்ப். பி.ஐ.எஸ். பதிவு எண் அச்சிட்ட நல்ல அடாப்டர் ஒன்று போதும், உங்கள் டப்பாவுக்குள் 230 வரவே வராது. நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய கோடு அத்தனையும் இதிலும் இருக்கிறது. பெயர் தெரியாத சார்ஜர் மட்டும் வேண்டாம். அதற்குள் இன்சுலேஷன் போனால் உங்கள் சென்சார் குழாய் வழியே தண்ணீருக்கே பேஸ் வந்துவிடும். ‘அஞ்சு வோல்ட்தானே’ என்ற பேச்சு அங்கே எடுபடாது.

ஏர் பம்பைக் கன்ட்ரோலரில் சேர்க்கவே சேர்க்காதீர்கள், அது பாட்டுக்கு நேராக ஓடட்டும். டப்பாவைத் தொட்டி மூடி மேல் வைக்காதீர்கள். ஆவி படியும், சூட்டுக்கு எறும்பும் பல்லியும் குடியேறும். ரிலே போர்டின் அடிப்பக்கம் மூடாத 230 வோல்ட் ஈயப்பொட்டுகள் இருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். சுவரில், தொட்டியை விட்டுத் தள்ளி, மூடிய பெட்டியில் மாட்டுங்கள். தொட்டியிலிருந்து வரும் ஒவ்வொரு வயரும் சாக்கெட்டை விடத் தாழ இறங்கி அப்புறம் மேலேறட்டும், சொட்டுத் தண்ணீர் அந்த வளைவிலேயே விழுந்துவிடும். எர்த் முள்ளை வெட்டாதீர்கள். நியூட்ரலில் ஜம்பர் போட்டு அதை எர்த் என்று சொல்லும் எலெக்ட்ரீசியனை அடுத்த முறை கூப்பிடாதீர்கள். கோடையில் எர்த் குழி காய்ந்து கிடக்கும், வாரம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள்.

தண்ணீருக்குள் கை போகும் முன் பிளக் சாக்கெட்டிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும். ஸ்விட்ச் ஆஃப் போதாது, போனில் ஆஃப் போதவே போதாது. இதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லுங்கள். முக்கியமாக அம்மாவுக்கும் ஆச்சிக்கும் சொல்லுங்கள். தொட்டியைத் துடைப்பது அவர்கள்தான், நீங்கள் எந்த வயரை எங்கே கொடுத்தீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. யாராவது பிடித்துக்கொண்டால் ஓடிப்போய் ஆளைத் தொடாதீர்கள். மெயினை இறக்கிவிட்டு அப்புறம் தொடுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் 230-ஐ ரிலேயில் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், தயவுசெய்து தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோகும் முன் லைசென்ஸ் உள்ள ஒரு வயர்மேனிடம் காட்டுங்கள். எங்கள் கடைக்குக் கொண்டுவந்தாலும் சரி, பார்த்துத் தருவதற்குக் காசு வாங்க மாட்டேன். பெட்டி மூடியின் ஸ்க்ரூவை மட்டும் முடுக்காமல் கொண்டுவாருங்கள்.