இருபால் ஈர்ப்பு, நெகிழ்பாலினம்: ஒரு காதல் கதைக்குத் தேவைப்பட்ட இரண்டு சொற்கள்

ஒரு காதல் கதையைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். கதையில் கவின் என்று ஒருவன், முன்பு ஒரு பெண்ணைக் காதலித்தவன், இப்போது முகில் மேல் பைத்தியமாக இருக்கிறான். முகில் சில நாள் தன்னை ஆணாக உணரும், சில நாள் பெண்ணாக உணரும், சில நாள் இரண்டுமே இல்லாமல் இருக்கும் ஆள். ஆங்கிலக்காரர்கள் இதை பைசெக்சுவல், ஜெண்டர் ஃப்ளூயிட் என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இரண்டாவதை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன், 'பாலினத் திரவம்' என்றது. பாட்டிலில் அடைத்து விற்கலாம் போல.

இரண்டும் ஒரே சங்கதி என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. முதல் சொல் கவினைப் பற்றியது, அவன் மனம் யார் யார் பக்கம் போகிறது என்பதைச் சொல்கிறது. இரண்டாவது முகிலைப் பற்றியது, முகில் தன்னை யாராக உணர்கிறது என்பதைச் சொல்கிறது. (பாருங்கள், 'உணர்கிறது' என்று எழுதிவிட்டேன். மேலேயும் 'உணரும்', 'இருக்கும்' என்று தப்பித்திருக்கிறேன். இந்த வினைமுற்றுச் சிக்கலுக்குக் கடைசியில் வருகிறேன்.)

பைசெக்சுவல் என்ற சொல்லில் 'பை' லத்தீனில் இரண்டு. 'செக்ஸ்' என்பதன் மூலமான செக்ஸுஸ், வெட்டுதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்திருக்கலாம் என்பது பலர் கருத்து. இது பிறந்த இடம் காதல் கதை இல்லை, தாவரவியல் பக்கம். மகரந்தமும் சூலகமும் ஒன்றாக உள்ள பூவை இன்றும் இருபால் மலர் என்றுதான் பாடப்புத்தகம் சொல்கிறது, மண்புழுவும் இருபால் உயிரிதான். மனிதர்களின் ஈர்ப்பைக் குறித்து ஆங்கிலத்தில் இது வந்தது 1892இல், மனநல மருத்துவர் கிராஃப்ட்-எபிங்கின் ஜெர்மன் மருத்துவ நூலை சாடக் மொழிபெயர்த்தபோது என்பார்கள். அதாவது நோய்களைப் பட்டியலிட்ட ஒரு புத்தகம் வழியாக. 1948இல் அமெரிக்க ஆய்வாளர் கின்சி வந்து, ஈர்ப்பு என்பது இந்தப் பெட்டி அல்லது அந்தப் பெட்டி என்பதல்ல, 0 முதல் 6 வரை போகும் ஓர் அளவுகோல் என்று போட்டுக் காட்டினார். அதற்குப் பிறகும் 'ரெண்டுங்கெட்டான்', 'குழப்பத்தில் இருக்கிறான்' என்ற பேச்சு ஓயவில்லை. கவின் ஒரு பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டு போயிருந்தாலும் அவன் இருபால் ஈர்ப்பாளன்தான். யாரோடு வாழ்கிறோம் என்பதை வைத்து ஈர்ப்பு அழிந்துவிடாது.

தமிழில் ரொம்ப நாள் 'இருபால் சேர்க்கையாளர்' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது பிடிக்காது. சேர்க்கை என்றதுமே காதல் போய், படுக்கை மட்டும் மிஞ்சிவிடுகிறது. கதையில் கவின் முதல் நூறு பக்கம் முகிலின் கையைக்கூடத் தொடவில்லை! 'ஈர்ப்பு' இந்த வம்பில்லாத சொல். சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ஒரு வழக்கை விசாரித்தபோது, கவின், முகில் போன்றவர்களைக் குறிக்கக் கண்ணியமான சொற்கள் வேண்டும் என்ற பேச்சு வந்து, 2022இல் தமிழ்நாடு அரசு சொற்பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது. திருநர் (டிரான்ஸ்ஜெண்டர்), பால்புதுமையர் (குயர்), ஊடுபால் (இன்டர்செக்ஸ்) போன்ற சொற்கள் இன்று பத்திரிகை வரை வந்துவிட்டன. இருபால் ஈர்ப்பும் இந்த வரிசையில் பொருந்தி உட்காரும். இருபாலர் பள்ளியோடும் மண்புழுவோடும் குழப்பாமல் இருக்க 'ஈர்ப்பு' என்ற பாதியை மட்டும் யாரும் விழுங்கிவிடக் கூடாது. 'இருபாலினர்' என்று சுருக்கினால் பொருள் கெட்டது.

'பால்' என்ற சொல்லில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அடிப்படைப் பொருள் பகுப்பு, பகுதி. லத்தீனில் வெட்டு என்றால் இங்கே பகுப்பு, இரண்டு மொழியும் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன. ஆனால் தமிழ்ப் பால் அங்கே நிற்கவில்லை. 'அவள்பால் கொண்ட அன்பு' என்கிறோமே, அங்கே அது 'இடத்தில்' என்று ஆகிவிடுகிறது. தொல்காப்பியம் களவியலில் தலைவனும் தலைவியும் முதன்முதலில் கண்டுகொள்வதைச் சொல்லும் இடத்தில் 'ஒன்றே வேறே என்றிரு பால்வயின் ஒன்றி உயர்ந்த பாலது ஆணையின்' என்று வரும். முதல் பாலுக்கு ஆண், பெண் என்று பொருளில்லை. இரண்டாவது பால், ஊழ். விதியின் ஆணையால் சந்தித்தார்கள் என்பதுதான் செய்தி. காதலின் இலக்கணத்துக்குள் 'இருபால்' என்ற தொடர் அப்போதே உட்கார்ந்திருக்கிறது, வேறு பொருளில்.

அப்புறம் ஃப்ளூயிட். லத்தீனில் ஓடுதல், வழிதல். தமிழில் 'ஒழுகு' என்று வைத்தால் கூரை ஒழுகும். பழைய நூல்களின் சொல் 'திரிதல்', மாறுதல் என்று பொருள். மாதவி ஆடிய பதினோராடலில் ஒன்றைச் சிலப்பதிகாரம் 'ஆண்மை திரிந்த பெண்மைக் கோலத்துக் காமன் ஆடிய பேடி ஆடலும்' என்கிறது. காதலுக்கே தெய்வமானவன் பெண் கோலத்தில் ஆடுகிறான், எவ்வளவு அழகான காட்சி! ஆனால் இன்றைய காதில் 'பால் திரிந்தது' என்றால் அடுப்பில் வைத்த பால் கெட்டுப்போனதுதான் நினைவுக்கு வரும். ஒரு மனிதரை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேடியும் வசைச்சொல்லாகிவிட்டது.

'மாறும் பாலினம்' என்று சிலர் எழுதுகிறார்கள், சிகிச்சை செய்து ஒருமுறை மாறியவர் என்று படித்துவிடும் ஆபத்து இருக்கிறது. நான் 'நெகிழ்பாலினம்' என்று வைத்தேன். நெகிழ்தல் என்றால் இறுக்கம் விட்டுக் கொடுத்தல், திரும்பவும் இறுகலாம், மறுபடி நெகிழலாம். பிரிந்த காதலனை நினைத்துத் தலைவியின் வளை நெகிழ்வதாகச் சங்கப் பாட்டில் படிக்கிறோம், நெஞ்சும் நெகிழும். காதல் கதைக்கு இதைவிடப் பக்கத்துச் சொல் கிடைக்காது. பிளாஸ்டிக்கை நெகிழி ஆக்கியவர்கள் மேல் மட்டும் கொஞ்சம் கோபம்.

சரி, அந்த வினைமுற்று. ஆங்கிலத்தில் பிரதிப்பெயரை மட்டும் மாற்றினால் போதும், தமிழில் வினையின் வாலிலேயே பால் தொங்குகிறது. 'அவர் கவினின் தோளில் சாய்ந்தார்' என்று எழுதினால் மாமனார் மாதிரி தெரிகிறது. 'முகில் சாய்ந்தது' என்றால் குழந்தை, இல்லாவிட்டால் மேகம். அதனால் கதையில் நெருக்கமான இடங்களை எல்லாம் கவினின் கடிதமாக்கி 'நீ சாய்ந்தாய், நான் அசையவில்லை' என்று எழுதினால் தப்பிக்கலாம், தன்மைக்கும் முன்னிலைக்கும் ஆண்பால் பெண்பால் கிடையாது. எச்சத்துக்கும் கிடையாது, 'சாய்ந்த முகிலை', 'சாய்ந்து அழுத முகிலை' என்று எவ்வளவு தூரமும் போகலாம். 'வரவில்லை' போன்ற எதிர்மறைக்கும் கிடையாது. கவின் வாசலில் காத்து நிற்கும் அத்தியாயத்தை அதனால் சிரமமே இல்லாமல் எழுதிவிட்டேன். முகில் வரவில்லை, முகில் வரவில்லை என்று ஏழு பக்கம். எட்டாம் பக்கத்தில் முகில் வந்து நின்றபோதுதான் பேனா நின்றது.