ஊசி பட்டால் பரவிவிடுமா?

பயாப்சி, அதாவது கட்டியிலிருந்து சிறிது திசுவை எடுத்துச் சோதிப்பது, செய்ய வேண்டும் என்று எழுதிய சீட்டைக் கையில் வாங்கியவர்களில் பலர் முதலில் கேட்பது வலிக்குமா என்பதையன்று, "ஊசி பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்கிறார்களே, உண்மையா டாக்டர்?" என்பதைத்தான். நோய்க்குறியியல் மருத்துவராகிய நான் பெரும்பாலும் நுண்ணோக்கியின் முன் இருப்பவன் என்றாலும், கழுத்துக் கட்டியிலும் தைராய்டிலும் மெல்லூசி செலுத்திச் செல்களை எடுக்கும் வேலை எங்களிடமே வருவதால், இந்தக் கேள்வியை ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன்.

இந்த நம்பிக்கை வெறும் மூடத்தனத்தில் பிறந்ததாக நான் நினைக்கவில்லை. உறவினர் ஒருவருக்குச் சதை எடுத்துச் சோதித்தார்கள், அதன்பிறகு சில மாதங்களில் உடல்நிலை மோசமானது என்பதை மக்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். பரிசோதனைக்கு வரும்போதே நோய் முற்றியிருந்ததும், முடிவு வந்த பிறகு சிகிச்சைக்குச் செல்லாமல் மாதக்கணக்கில் காலம் கடந்ததும் அவர்கள் நினைவில் நிற்பதில்லை. ஊசி குத்திய நாள் மட்டும் நிற்கிறது.

அதற்காக, ஊசியால் ஒருபோதும் பரவாது என்று அடித்துச் சொல்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஊசி சென்ற பாதையில் புற்றுச் செல்கள் தங்கி வளர்வது அரிதாக நடப்பதுண்டு. மருத்துவர்கள் அதை அறிந்தே திட்டமிடுகிறார்கள். எலும்பிலும் தசையிலும் தோன்றும் சார்கோமா வகைக் கட்டிகளில், பின்னர் அறுவை சிகிச்சையின்போது ஊசிப் பாதையையும் சேர்த்து அகற்றுவதற்கு ஏற்ற இடத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துத்தான் திசு எடுப்பார்கள். விரையில் புற்றுநோய் எனச் சந்தேகித்தால் விதைப்பை வழியாக ஊசி செலுத்துவதைத் தவிர்த்து, இடுப்பு மடிப்பு வழியே விரையையே அகற்றிச் சோதிப்பதுதான் வழக்கம். சூலகத்தைத் தாண்டிப் பரவாததாகத் தோன்றும் கட்டியையும் பொதுவாகக் குத்துவதில்லை; உடையாமல் முழுதாக எடுக்கிறார்கள். சில வகைக் கல்லீரல் புற்றுநோய்களுக்கு, ஈரல் சுருங்கிய நோயாளிகளிடம், ஸ்கேன் படமே போதுமான சான்றாகிவிடுகிறது. எங்கே குத்தக் கூடாது என்பதற்கு இத்தனை விதிகள் இருப்பதால்தான், குத்தலாம் என்று மருத்துவர் சொல்லும் இடத்தில் நான் அஞ்சுவதில்லை.

"ஸ்கேனில்தான் தெரிந்துவிட்டதே, இன்னும் எதற்குச் சதை எடுக்க வேண்டும்?" என்பது அடுத்த தயக்கம். கட்டி எங்கே, எவ்வளவு பெரியது என்பதை ஸ்கேன் காட்டும். அது என்ன என்பதைப் பல வேளைகளில் உறுதியாகச் சொல்லாது. கழுத்தில் நெறிக்கட்டியுடன் வந்த ஒரு பெண்மணி, புற்றுநோய்தான் என்று தாமே முடிவு செய்து, ஊசிக்குப் பயந்து ஐந்து மாதங்களைக் கடத்தியிருந்தார். நான் எடுத்தபோது ஊசியில் வந்தது வெண்மஞ்சள் நிறத்தில், சீழைப் போன்ற ஒன்று. சாயமேற்றிப் பார்த்தபோது நீலப் பின்னணியில் சிவந்த மெல்லிய குச்சிகளாகக் காசநோய்க் கிருமிகள் தெரிந்தன. மருந்தில் குணமாகும் நோயை வைத்துக்கொண்டு அவர் ஐந்து மாதம் தூக்கமின்றி இருந்திருக்கிறார். நோயுள்ள இடங்களை ஒளிரும் புள்ளிகளாகக் காட்டும் பெட் ஸ்கேனிலும் காசநோய் புற்றுநோயைப் போலவே ஒளிரக்கூடும். சூலகப் புற்றுநோயைச் சந்தேகிக்கும்போது பார்க்கும் சிஏ 125 என்னும் இரத்தக் குறியீடும் வயிற்றுக் காசநோயில் கூடுவதுண்டு. பயாப்சி எழுதினாலே புற்றுநோய்தான் என்று பொருளாகாது; மார்பகக் கட்டிகளில் சோதிக்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகளே.

இன்னும் சிலர், முழுக்கட்டியையும் முதலிலேயே வெட்டி எடுத்துவிட்டால் என்ன என்கிறார்கள். நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோயான லிம்ஃபோமாவுக்கு முதன்மையான சிகிச்சை மருந்துகளே, அறுவையன்று. மார்பகப் புற்றுநோயிலும் சிலருக்கு மருந்தை முதலில் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிய பின்பே அறுவை செய்கிறார்கள். பெயர் தெரியாமல் கத்தி எடுத்தால் இந்த வரிசை குலைந்துவிடும்.

வலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: மெல்லூசி, இரத்தம் எடுக்கும் ஊசியைவிடத் தடித்ததன்று, சற்றுப் பெரிய ஊசியானால் அவ்விடத்தை மரத்துப்போகச் செய்த பிறகே செலுத்துவார்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். தாமாக நிறுத்திவிடக் கூடாது.

முடிவு தாமதமானால் ஏதோ மறைக்கிறார்கள் என்ற ஐயம் எழுகிறது. நூல் இழை போன்ற அந்தத் திசு, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் பல மணி நேரம் ஊறி, மெழுகுக் கட்டிக்குள் பதிக்கப்பட்டு, 3 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள சீவல்களாக வெட்டப்பட்டுச் சாயமேற்றப்பட்ட பிறகுதான் என் மேசைக்கு வருகிறது. எலும்பாக இருந்தால் முதலில் சுண்ணாம்புச் சத்தை நீக்க வேண்டும். புற்று எந்த உறுப்பில் தொடங்கியது, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அறிய ஐஹெச்சி என்னும் சோதனை தேவைப்பட்டால் மேலும் சில நாட்கள் ஆகும். போதிய செல்கள் இல்லை என்று முடிவு வந்தாலும், புற்றுநோய் இல்லை என்று வந்த பிறகும் மருத்துவரின் சந்தேகம் தீராவிட்டாலும், மறுபடி திசு எடுக்கச் சொல்வார்கள். அது முதல் முறை செய்தவரின் தவறு என்றே கொள்ள வேண்டியதில்லை.

வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க விரும்புவோர், அதற்காக இன்னொரு முறை குத்திக்கொள்ள வேண்டும் என்று நினைத்துத் தயங்குகிறார்கள். பெரும்பாலும் தேவைப்படாது. பிளாக் எனப்படும் அந்த மெழுகுக் கட்டியும், ஸ்லைடு எனப்படும் சீவல் ஒட்டிய கண்ணாடித் தகடும் ஆய்வகத்தில் ஆண்டுக்கணக்கில் பத்திரமாக இருக்கும். பிளாக்கையும் ஸ்லைடையும் தாருங்கள் என்று அறிக்கை எண்ணைச் சொல்லிக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.